பத்துமலை போற வழியில கடல் பக்கம் ஒரு ராத்திரி: வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் லீவு வருதுன்னதும் சிங்கப்பூர்ல இருந்து மலேசியாவுக்கு, முக்கியமா கோலாலம்பூர் கிட்ட உள்ள பத்துமலை முருகன் கோயிலுக்கு, வேன் ட்ரிப் போறதப் பத்தி நிறைய கடிதம் வந்திருக்கு. முக்காவாசிப் பேர் கேக்கறது ஒண்ணுதான், நடுவுல எங்கயாவது கடற்கரை ஊர்ல நிம்மதியா ஒரு ராத்திரி தங்கணும், எங்க தங்கறதுன்னு. அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அதுக்கே.

*

அக்கா, டிசம்பர்ல நாங்க ரெண்டு குடும்பம் சேந்து பத்துமலை போறோம். பெரியவங்க, பிள்ளைங்க எல்லாம் சேத்து பதினோரு பேர். மாமியாருக்கு 76 வயசு, முட்டி வலி வேற. ஒரே மூச்சுல கேஎல், அதான் கோலாலம்பூர், போயிடலாம்ங்கறார் வீட்டுக்காரர். எனக்கு நடுவுல கடல் பக்கம் ஒரு நாள் தங்கிட்டுப் போகணும்னு ஆசை. மெர்சிங்கா, மலாக்காவா, போர்ட் டிக்சனா? நீங்களே சொல்லுங்க.
ஈசூன் வாசகி

தங்கச்சி, இந்தப் பக்கத்த அப்படியே உங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டுங்க. ரெண்டு பேர் கார்ல போனா ஒரே மூச்சுல போகலாம், பதினோரு பேர் வேன்ல அது நடக்காது. லீவு சமயத்துல உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்லயோ துவாஸ் செக்பாயிண்ட்லயோ எவ்ளோ நேரம் நிக்கணும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதுக்கப்புறம் கேஎல் வரைக்கும் நாலு நாலரை மணி நேரம், நடுவுல பிள்ளைங்களுக்கு பாத்ரூம், பெரியவங்களுக்கு டீ, யாருக்காவது வாந்தி, எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா உங்க மாமியார் முட்டிய மடக்கி உக்காந்தபடியே பகல் பூரா போயிடும், மறுநாள் காலைல அதே முட்டியோட பத்துமலைல 272 படி ஏறணும். அந்தம்மா முருகன் சந்நிதி வரைக்கும் ஏறி சாமி பாக்கணும்னா முந்தின நாள் ஓய்வு கட்டாயம் வேணும், இத நான் ஆசைக்குச் சொல்லல, அவசியம்னு சொல்றேன்.

மெர்சிங்க லிஸ்ட்ல இருந்து முதல்லயே தூக்கிடுங்க. அது கேஎல் போற வழியிலயே இல்ல, கோத்தா திங்கி வழியா கிழக்குப் பக்கம் போகணும். அதோட டிசம்பர்ல வடகிழக்குப் பருவமழை தென்சீனக் கடல்ல இருந்து நேரா அந்தக் கரையிலதான் வந்து அடிக்கும். மேற்குப் பக்கத்துக்கு நடுவுல தித்திவாங்சா மலை இருக்கு, எதிர்ல சுமத்ரா இருக்கு, அதனால அதே டிசம்பர்ல மலாக்கா நீரிணைப் பக்கம் கடல் அமைதியாத்தான் இருக்கும். சாயங்காலம் ஒரு மழை வந்துட்டுப் போகலாம், அவ்ளோதான்.

மலாக்கா எனக்கு ரொம்பப் பிடிச்ச ஊரு, ஆனா அது நடந்து பாக்கற ஊரு. லீவுல கூட்டம் நெரியும், முட்டி வலிக்காரங்களுக்கு அங்க ஓய்வு கிடைக்காது. திரும்பி வரும்போது ரெண்டு மணி நேரம் இறங்குங்க, ஜாலான் துக்காங் எமாஸ்ல 1781-ல மலாக்கா செட்டிங்க கட்டின ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இருக்கு, அதே வீதியில பள்ளிவாசல், சீனக் கோயில் எல்லாம் கிட்டக் கிட்ட. மாமியார் வேன்ல இருந்து இறங்கி நாலு எட்டு வெச்சா பிள்ளையார பாத்துடலாம்.

அப்ப போர்ட் டிக்சன்தான், அங்க உள்ளவங்க பிடின்னு சொல்வாங்க. சிங்கப்பூர்ல இருந்து சுமார் 300 கிமீ, சிரம்பான்ல ஹைவேய விட்டு இறங்கணும், மறுநாள் பத்துமலைக்கு சுமார் 100 கிமீதான் மிச்சம். காலைல சீக்கிரமா கிளம்பினா மாச்சாப்லயோ பாகோலயோ ஆர்என்ஆர்ல, அதான் ஹைவேயில வண்டி நிறுத்தி இளைப்பாறற இடத்துல, பசியாறிட்டு மத்தியான சாப்பாட்டுக்கு பிடி டவுனுக்கு வந்துடலாம். டவுன்ல நம்ம ஆளுங்க கடை இருக்கு, வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும், சைவம் மட்டும் சாப்பிடறவங்களும் கவலப்பட வேணாம். சாப்ட்டு ரூமுக்குப் போய் எல்லாரும் படுத்துத் தூங்குங்க. நிஜமாத்தான் சொல்றேன், பிள்ளைங்களையும் படுக்க வெய்ங்க. ராணுவ மியூசியம், நெருப்புக்கோழிப் பண்ணை எல்லாம் அங்க இருக்குதான், அன்னிக்கு வேணாம்.

அஞ்சு மணிக்கு மேல கடலுக்கு இறங்குங்க. தெலுக் கெமாங் பக்கம் கூட்டமும் பாட்டும் பனானா போட் சவாரிச் சத்தமுமா இருக்கும், இளசுங்களுக்கு அது பிடிக்கும், பெரியவங்கள வெச்சுக்கிட்டு போறவங்க கொஞ்சம் தள்ளி ஒன்பதாங்கட்டை பத்தாங்கட்டைப் பக்கம், அதாவது ஒன்பதாவது பத்தாவது மைல் பக்கம், ரூம் எடுத்தா நல்லது. கீழ்த்தள ரூமா கேளுங்க, இல்லன்னா லிஃப்ட் இருக்கான்னு கேளுங்க. வீட்டுல இருந்து ஒரு மடக்கு நாற்காலி எடுத்துட்டுப் போங்க, அதோட கால் ஈர மணல்ல புதையும், அதனால ஒரு பழைய பலகைத் துண்டையும் வேன்ல போட்டுக்கோங்க, பலகைய அடியில வெச்சு நாற்காலியப் போட்டு மாமியார உக்கார வெச்சா, அலை வந்து கால நனைக்கற இடத்துலயே அவங்க ஒரு மணி நேரம் உக்காந்திருக்கலாம், யாரும் பிடிச்சுக்கிட்டு நிக்க வேணாம். மேற்குக் கரைங்கறதால சூரியன் ஏழு மணி சுமாருக்கு கடலுக்குள்ளயே இறங்கும், நம்ம ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல எத்தன வருஷம் உக்காந்தாலும் இத பாக்க முடியாது. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், தண்ணி தெளிவா இருக்காது, நீரிணை முழுக்க அப்படித்தான், வண்டல் கலந்த தண்ணி. மீன் பாக்கணும் பவளம் பாக்கணும்னு போனா ஏமாந்துடுவீங்க. கால் நனைக்கவும் காத்து வாங்கவும் போங்க.

இன்னொண்ணு. கடிதத்துல பதினோரு பேர எண்ணிச் சொல்லிட்டீங்க, வேன் யார் ஓட்டறாங்கன்னு சொல்லல. வீட்டுக்காரரே ஓட்டறதா இருந்து அவர்கிட்ட கிளாஸ் 3 லைசென்ஸ் மட்டும் இருந்தா, ஓட்டறவர விட்டுட்டு ஏழு பேரத்தான் ஏத்தலாம், பதினோரு பேரையும் ஒரே மினிபஸ்ல ஏத்திக்கிட்டு அவர் ஓட்ட முடியாது. ரெண்டு வண்டியா பிரிச்சுக்கோங்க, இல்ல டிரைவரோட வேன் எடுங்க. டிரைவரோட எடுத்தா நீங்க பன்னெண்டு பேர். ரூம் புக் பண்ணும்போது பன்னெண்டுன்னே கணக்கு வெய்ங்க, ஏன்னு கீழ ஒரு பொண்ணு எழுதின கடிதத்துல இருக்கு.

*

அக்கா, நாங்க கப்பல் பட்டறையில வேல செய்யற ஏழு பேர், எல்லாரும் வொர்க் பெர்மிட், ஊரு ராமநாதபுரம் பக்கம். கடல் பாக்காம கையும் காலும் ஓடல. டிசம்பர் கடைசியில மெர்சிங் போலாமா? பேப்பர் என்னென்ன வேணும்?
துவாஸ் வாசகர்

தம்பி, மெர்சிங் அருமையான ஊரு, ஆனா மேல சொன்ன அதே காரணந்தான், டிசம்பர் வேணாம். நீங்க கடலோரத்துல பொறந்தவங்க, அலையப் பாத்தாலே உங்களுக்குத் தெரியும், ஆனா மழையில ரூமுக்குள்ள முடங்கிக் கிடக்கறதுக்கா அவ்ளோ தூரம் போவீங்க? அங்க இருந்து தியோமான் தீவுக்குப் போற படகும் அந்த மாசங்கள்ல ரொம்பக் குறைஞ்சிடும். ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் எப்ப லீவு கிடைச்சாலும் போங்க. ஆத்து முகத்துல ஆழம் கம்மிங்கறதால தண்ணி ஏத்தத்தப் பாத்துத்தான் படகே கிளம்பும், படகுத்துறையில காத்திருக்கற நேரத்துல ஆத்தோரமா நடந்தா மீன்பிடிப் படகு வரிசையா கட்டிக் கிடக்கும், வலை காயும், உங்களுக்கு ஊரு ஞாபகம் வந்துடும்.

இந்த டிசம்பர்லயே போகணும்னா மேற்குக் கரையில உள்ள மூவார் போங்க. குளிக்கற கடற்கரை இல்ல, ஆறு கடல்ல சேர்ற இடம், தஞ்சோங் எமாஸ்ல சாயங்காலம் ஆத்தங்கரையில உக்காந்துட்டு ராத்திரி ஓத்தாக் ஓத்தாக், அதான் இலையில வெச்சுச் சுட்ட மீன் விழுது, வாங்கிச் சாப்பிடுங்க. பிடி அளவு கூட்டம் இருக்காது, வழியும் பாதி தூரம்தான் கூடக்குறைய.

பேப்பர்னு கேட்டா, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவுல 2026 டிசம்பர் 31 வரைக்கும் விசா தேவையில்ல, 30 நாள் வரை தங்கலாம். ஆனா மலேசிய டிஜிட்டல் அரைவல் கார்டு, அதான் எம்டாக், நீங்க கட்டாயம் போடணும், சிங்கப்பூர் குடிமக்களுக்குத்தான் அது வேணாம். போறதுக்கு மூணு நாளுக்குள்ள போனிலயே போட்டுடலாம், காசு கிடையாது. காசு கேக்கற பக்கம் எதுவா இருந்தாலும் அது மலேசியக் குடிநுழைவுத் துறையோடது இல்ல, உடனே மூடிடுங்க. வொர்க் பெர்மிட் கார்டையும் மறக்காம எடுத்துக்கோங்க.

*

போன ஜூன்ல போர்ட் டிக்சன் போனோம். ஹோட்டல்காரங்க படத்துல கடல் வாசல்லயே இருந்துச்சு, நாங்க போனப்ப கடலயே காணோம், ஒரே சேறு. பிள்ளைங்க அழுதுடுச்சுங்க. ஏமாத்திட்டாங்களா?
ஜூரோங் வெஸ்ட் வாசகி

ஏமாத்தலம்மா, நீங்க தண்ணி இறங்கின நேரத்துல போயிருக்கீங்க. அங்க கடற்கரை ரொம்பச் சரிவு இல்லாம நீளமாப் போகும், அதனால தண்ணி கொஞ்சம் இறங்கினாலே தரை ரொம்ப தூரம் வெளிய தெரியும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ இறங்கும், ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவுல ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அமாவாசை பௌர்ணமிய ஒட்டி ஏறறதும் அதிகம், இறங்கறதும் அதிகம். மறுநாள் அதே ஏத்தம் சுமார் 50 நிமிஷம் தள்ளி வரும். ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி போன்ல போர்ட் டிக்சன் டைட் டேபிள் தேடிப் பாருங்க, சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழுக்குள்ள தண்ணி ஏறி இருக்கற நாளா பாத்து அன்னிக்கு ராத்திரிய தங்கறதுக்கு வெச்சுக்கோங்க. பத்துமலைய ஒரு நாள் முன்னப் பின்ன மாத்தறது சுலபம், கடல நம்மளால மாத்த முடியாது.

ஆனா ஒண்ணு சொல்றேன், பிள்ளைங்களுக்கு தண்ணி இறங்கின நேரமும் கொண்டாட்டந்தான், பெரியவங்க கூட உக்காந்து காட்டணும். சேறு இல்லாத மணல் பகுதியா பாருங்க, ஈர மணல்ல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அதச் சுத்தி மொளகு அளவு மணல் உருண்டைங்க வட்டமா, கோடு கோடா கிடக்கும். அசையாம குந்தி உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல விரல் நகம் அளவு நண்டு ஒண்ணு வெளிய வரும். ரெண்டு கொடுக்காலயும் மணல அள்ளி வாயில போட்டு, அதுல இருக்கற தின்னக்கூடியதத் தின்னுட்டு, மிச்சத்த உருண்டையா வெளிய தள்ளிட்டு அடுத்த வாய். நிழல் பட்டா போதும், ஓட்டைக்குள்ள போயிடும். தண்ணி ஏறினதும் அத்தனை உருண்டையும் கரைஞ்சிடும், அடுத்த இறக்கத்துல புதுசா ஆரம்பிக்கும். டேப்லெட்ட பிடுங்கி வெச்சா அழற பிள்ளைங்க இத பாத்துக்கிட்டு சாப்பாட்டுக்கே வராதுங்க. பிடிச்சு டப்பாவுல மட்டும் போட விடாதீங்க.

ஜூன்ல போறவங்களுக்கு இன்னொரு விஷயம், சுமத்ரா காத்துன்னு நம்ம இங்க விடியக்காலைல பாக்கறோமே, அது அந்தக் கடலத் தாண்டித்தான் வருது, பிடில அதுக்கு நேரா நிப்பீங்க. விடியக்காத்தால மேக்க கருத்து வந்தா கடற்கரைய விட்டு உள்ள வந்துடுங்க.

*

அக்கா, இது கேள்வியான்னு தெரியல. எங்கப்பா பல வருஷமா டூர் வேன் ஓட்டறார். ஒரு ட்ரிப்ல கடற்கரை ஊர்ல தங்கினாங்களாம், வந்தவங்க எல்லாரும் ஹோட்டல்ல, அப்பா மட்டும் பார்க்கிங்ல வேன் சீட்லயே படுத்திருக்கார். கொசு, புழுக்கம். காலைல அஞ்சு மணிக்கு கண்ணாடியத் தட்டி, அண்ணே கிளம்பலாமான்னு கேட்டாங்களாம். அப்பா இதெல்லாம் சகஜம்னு சொல்றார். எனக்கு மனசு கேக்கல. இதப் பத்தி எழுதுவீங்களா?
பிடோக் வாசகி

எழுதறேம்மா. இது கேள்விதான், வேன் எடுக்கற எல்லார்கிட்டயும் கேக்க வேண்டிய கேள்வி.

உங்கப்பா சகஜம்னு சொல்றது அவரோட பெருந்தன்மை, அதுக்காக அது சரியாயிடாது. வேன்ல இருக்கறவங்க எல்லாரும் வழியில தூங்கிடுவாங்க, அவர் ஒருத்தர்தான் கண்ண மூடாம இருக்கார். அவர் அஞ்சு மணி நேரம் நல்லாத் தூங்கினாரா இல்லையாங்கறதுல வேன்ல இருக்கற அத்தன பேர் உசிரும் இருக்கு. ஊர் சுத்தற பயணத்துல ரெஸ்ட்டுக்காக ஒரு ஊர்ல நிக்கறோம்னு சொல்றோம், அந்த ரெஸ்ட்டு யாருக்கு ரொம்பத் தேவையோ அவருக்குக் கொடுக்காம மத்தவங்க எல்லாரும் எடுத்துக்கிட்டா அப்புறம் நின்னதுல என்ன அர்த்தம் இருக்கு?

அதனால வேன் எடுக்கறவங்களுக்கு நான் கேட்டுக்கறது இதுதான். பேசி முடிக்கும்போதே டிரைவருக்கு ரூம் யார் போடறாங்கன்னு வாய்விட்டுக் கேளுங்க, கம்பெனி பாத்துக்கும்னு நீங்களும், வந்தவங்க பாத்துப்பாங்கன்னு கம்பெனியும் நெனச்சுக்கிட்டுத்தான் கடைசில அந்த மனுஷன் சீட்ல படுக்கறார். ஃபேன், ஏசி, கதவு, கட்டில் உள்ள தனி ரூம், பிள்ளைங்க ரூம்ல ஒரு மூலை இல்ல. ஊருக்கு வந்து சேந்ததும் சாவிய கையில கொடுத்து, அண்ணே நாளைக்கு எட்டு மணிக்கு மேலதான் கிளம்பறோம், நாங்க நடந்தே போய்க்கறோம்னு சொல்லிடுங்க. ராத்திரி பத்து மணிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போலாமான்னு போன் போடாதீங்க. ரூம கடற்கரைக்கு நடக்கற தூரத்துல எடுக்கச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், வேன் ஒரு தடவ நின்னா மறுநாள் வரைக்கும் அசையவே வேணாம். சாப்பிடும்போது தனி மேசையில உக்கார விடாதீங்க, அவர் தனியா இருக்கணும்னு விரும்பினா அது வேற.

அப்பாகிட்ட சொல்லுங்கம்மா, அடுத்த ட்ரிப் பேசும்போதே ரூம் உண்டான்னு கேக்கச் சொல்லுங்க. கேக்கறதுல எந்தக் குறைச்சலும் இல்ல.

*

என் பையன் தொடக்கநிலை 4, பறவைப் பைத்தியம். இங்க சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு வாராவாரம் இழுத்துட்டுப் போறான். வேன் ட்ரிப்ல அவனுக்கும் ஏதாவது இருக்குமா?
உட்லண்ட்ஸ் வாசகர்

டிசம்பர விட்டுட்டு மார்ச் லீவுக்கு மாத்துங்க தம்பி. பிடிக்குத் தெக்க தஞ்சோங் துவான்னு ஒரு முனை, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும், மேல காடு, உச்சியில 1863-ல கட்டின கலங்கரை விளக்கம். சுத்தி எல்லாம் நெகிரி செம்பிலான், அந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்தோடது. எதிர்ல சுமத்ரா பக்கம் 40 கிமீக்கும் குறைவு, நீரிணை அங்க குறுகலா இருக்கறதால தெக்க குளிர்காலத்தக் கழிச்சிட்டு வடக்க திரும்பற தேன்பருந்துங்க கூட்டம் கூட்டமா அந்த எடத்துலதான் கடலத் தாண்டும். பெரிய பருந்துங்க றெக்கைய அடிச்சு அடிச்சுப் பறக்காது, தரையில இருந்து எழும்பற சூடான காத்துல சுத்திச் சுத்தி மேல ஏறி அப்படியே மிதந்து போகும். கடல் மேல அந்தச் சூடான காத்து சரியா கிடைக்காது, அதனால தாண்டி வரும்போது களைச்சுப் போய் ரொம்பத் தாழப் பறந்து வரும், கலங்கரை விளக்கத்துக்கிட்ட நிக்கறவங்க தலைக்கு மேலயே போகும், முனையில உள்ள காட்டு மேல காத்து பிடிச்சதும் மறுபடி சுத்தி ஏறும். அதப் பாக்கறதுக்குன்னே மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ல இருந்து மார்ச்ல ராப்டர் வாட்ச் நடத்திட்டு வந்திருக்காங்க.

வெயில் ஏறினப்புறம், பத்து பதினொரு மணியில இருந்து மத்தியானம் வரைக்கும்தான் நல்ல நேரம். கேட்ல இருந்து மேல ஏறணும், தார் ரோடுதான், ஆனா ஏத்தம், தாத்தா பாட்டிய ஹோட்டல்லயே விட்டுட்டுப் போங்க. தண்ணி பாட்டில், தொப்பி, பைனாகுலர். குரங்கு உண்டு, சாப்பாட்டுப் பைய கையில தொங்க விடாதீங்க.

*

வாட்ஸ்அப்ல மலேசிய நம்பர் பிளேட் வேன் பாதி விலைக்கு வீட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கறேன்னு சொல்றாங்க. எடுக்கலாமா? இல்ல இங்கயே வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டறதா இருந்தா என்ன பாக்கணும்?
செங்காங் வாசகர்

லைசென்ஸ் இல்லாம காசுக்கு ஆள் ஏத்தற வண்டி வேணவே வேணாம். 2025-ல எல்டிஏ, அதான் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம், சோதனை போட்டு அந்த மாதிரி வண்டிங்களப் பறிமுதல் பண்ணாங்க, வண்டியோட நீங்களும் பெட்டி படுக்கையோட நடுரோட்ல நிக்கணும். விபத்துன்னா இன்ஷூரன்ஸ் கைகொடுக்காமப் போகலாம்.

நீங்களே ஓட்டறதா இருந்தா, மலேசியாவுக்குக் கொண்டு போகலாம்னு வாடகைக் கம்பெனிகிட்ட எழுத்துல வாங்குங்க, விஇபி டேக், அதான் வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள்ள போறதுக்கான அனுமதி, ஒட்டியிருக்கான்னு பாருங்க, 2025 ஜூலை 1-ல இருந்து அது இல்லாம போனா 300 ரிங்கிட் அபராதம். டச் அண்ட் கோ கார்டுல டோலுக்குப் போதுமான பணம் போட்டுக்கோங்க. இங்க செக்பாயிண்ட்ல பாஸ்போர்ட்டுக்குப் பதிலா சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தோட மைஐசிஏ ஆப்ல க்யூஆர் கோடு எடுத்துக்கலாம், பத்து பேர் வரைக்கும் ஒரே கோடுல போகலாம், ஆனா பாஸ்போர்ட் எல்லார் கையிலயும் இருக்கணும், அந்தப் பக்கம் கேப்பாங்க. பெட்ரோல் வேனா டீசல் வேனான்னு சாவி வாங்கும்போதே கேட்டுக்கோங்க. பெட்ரோல் வேன்னா அங்க மஞ்சக் கைப்பிடிய தொடவே கூடாது, அது ரோன் 95, வெளிநாட்டு வண்டிக்கு கிடையாது, பச்சை கைப்பிடி, ரோன் 97-தான் போடணும். இங்க இருந்து கிளம்பும்போது டேங்க் முக்காலுக்கு மேல இருக்கணும், குறைஞ்சா செக்பாயிண்ட்ல திருப்பி அனுப்பிடுவாங்க, அபராதமும் உண்டு, அதனால முந்தின நாள் ராத்திரியே நிரப்பி வெச்சிடுங்க.